நாலாம் நம்பர் போனது சரிதானா

மின்வெட்டு இருந்த அந்த வருடங்களில்தான் எங்கள் பனியன் கம்பெனியில் ஒருவர் பேசுவதை மற்றவர் முழுசாகக் கேட்டோம். மற்ற நேரத்தில் ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சலில் கையைக் காட்டியும் உதட்டைப் பார்த்தும்தான் காரியம் நடக்கும். கரண்ட் போனதும் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கும். காது சற்று நேரம் அடைத்தது போலிருக்கும். பிறகு யாராவது இருமுவார்கள். அதிலிருந்து பேச்சு தொடங்கும்.

ஜெனரேட்டர் வைக்கிற அளவுக்குப் பெரிய கம்பெனி இல்லை அது. எக்ஸ்போர்ட்டர்களிடம் வேலை வாங்கிச் செய்துகொடுக்கிற தகர ஷெட். நான் அங்கே அயர்ன் வேலை செய்தேன். ஐந்தாவது வரை படித்துவிட்டுத் தெற்கேயிருந்து வந்தவன். என் மனைவி அதே கம்பெனியில் தைத்த சட்டையில் பிசிறும் பிழையும் பார்க்கிற செக்கிங். காலையில் தொடங்கினால் ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிகிற வரைக்கும் சூடான டேபிளுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். கரண்ட் போனால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், பீஸ் ரேட் என்பதால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். எனக்கும் பீஸ் ரேட்தான். ஆனாலும் என் கால்கள் கரண்ட் போவதற்காகக் காத்திருக்கும். வெட்டுத்துணி மூட்டை மேல் கால்களை நீட்டிப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. நிற்பதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். நின்றுதான் என் பிழைப்பு என்பதை அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க ஆர்டர் ஒன்று வந்தது. அரக்குச் சிவப்பு டி-ஷர்ட். பாதிக்கு முதுகில் நாலு என்ற நம்பர், மீதிக்குப் பதினாறு. ரப்பர் பிரிண்ட் என்பதால் சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும். நம்பரைச் சுற்றித்தான் அயர்ன் பெட்டியை ஓட்ட வேண்டும். நாள் முழுக்க அந்த இரண்டு நம்பரையும் பார்த்துப் பார்த்து, படுத்தால் கண்ணுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

யாருடைய நம்பர் இது என்று முதலில் கேட்டவர் ஓவர்லாக் தைக்கிறவர். என்னைப் போலத் தெற்கேயிருந்து வந்தவர், வாய் சும்மா இருக்காது. எக்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து சாம்பிளோடு வந்த, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மறுமுறை வந்து சொன்னார். அங்கே ஒரு காலேஜ். அதன் பந்தாட்டக் குழுவில் வெவ்வேறு வருடங்களில் ஆடியவர்கள் இருவரும். காலால் உதைக்கிற பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இருவருக்கும் ஒரே வேலை. பின்னால் நின்று பந்தை எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துவது. பதினாறாம் நம்பர் நாலு வருடமும் அந்தக் காலேஜுக்கே ஆடினான். கடைசி வருடம் பெரிய போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவன் எறிந்த பந்து எதிரி கைக்குப் போய்த் தோற்றார்கள். நாலாம் நம்பர் மூன்றாவது வருடமே கோப்பையை வாங்கிக் கொடுத்தான். நாலாவது வருடம் ஆடாமல், சம்பளம் தருகிற வெளிக் குழுவுக்குப் போய்விட்டான். போன இடத்தில் பேர் வாங்கவில்லை. அவன் போன வருடம் காலேஜ் அடி மேல் அடி வாங்கியது.

"ரெண்டு பேரும் ஆட்டத்தை விட்டு இருபது வருஷமாச்சு. இன்னும் நெட்டுல அந்த ஊர்க்காரங்க யாரு பெரிய ஆளுன்னு சண்டை போட்டுட்டு இருக்காங்க. அதனாலதான் ரெண்டு நம்பரும் விக்குது" என்றார்.

அன்று மத்தியானம் கரண்ட் போனதும் கட்டிங் மாஸ்டர் ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர், சேவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு.

"ஆளாக்கின எடத்த உட்டுப்போட்டுப் போனவனுக்கு எதுக்குங்க சட்ட அடிக்கறாங்க? ஒரு வருசம் இருந்துபோட்டுப் போனா என்னவாம்?"

"ஆளாக்குனாவளா?" என்றார் ஓவர்லாக்காரர். "காலேஜ் ஆட்டத்துக்குச் சம்பளமே கெடையாதாம்லா மாஸ்டர். இவன ஓசியில ஆட விட்டு, டிக்கெட்டுக் காச எவன் வாங்குனான்?"

"படிப்புக் குடுத்தாங்களாமில்ல."

"படிப்ப வச்சு நாக்கு வழிக்கவா? கால் ஒடிஞ்சா காலேஜா வந்து கட்டுப் போடும்?"

"தோத்தாலும் பதினாறு நம்மூட்டுப் பையனாட்டம் கடசி வரைக்கும் நின்னானில்லீங்க."

"நின்னு? பந்த எவன் கையில குடுத்தான்? எதிராளி கையில! அதுக்கு அவன் போயே தொலஞ்சிருக்கலாம்."

செக்கிங்கில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கட்டிங் மாஸ்டரும் சிரித்துவிட்டு, "வாய்லயே ஓவர்லாக் அடிக்கறீங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மின்வெட்டிலும் அதே பேச்சு. ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பந்து உருண்டையா நீளமா என்றுகூட எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் நாலுக்கு ஒரு கட்சி, பதினாறுக்கு ஒரு கட்சி. தீபாவளிக்கு யார் வெளியூர் பஸ் ஏறுவார்களோ அவர்களெல்லாம் ஏறக்குறைய நாலு. உள்ளூர்க்காரர்கள் பதினாறு. உள்ளூரில் பிறந்து உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட ஒரு அக்கா மட்டும் நாலுக்குப் பேசினார். "போக முடிஞ்சவன் போனான். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கட்டிங் மாஸ்டரையே கேட்டுவிட்டார்.

முதலாளியும் வாசல் படியில் வந்து உட்காருவார். என் வயதுதான் இருக்கும். அவரும் ஒரு காலத்தில் கத்தரி பிடித்தவர். "ஆர்டரு ரெண்டு பேருத்துக்கும் சரிபாதி. நமக்கு ரெண்டு பேருமே நல்லவங்கதானுங்க" என்று சொல்லிச் சண்டையை அமர்த்துவார்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் எனக்குள் இருந்தது வெளியே வந்துவிடும் என்று பயம். வீரபாண்டியில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அயர்ன் போட்டுக் காட்டியிருந்தேன். ஒன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஷிப்ட்தான். சாயங்காலம் வேனில் கொண்டுவந்து விடுவார்கள். என் கால்களுக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. ஒன்றாம் தேதி தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பதையும் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒன்றாம் தேதிக்கு இந்தச் சிவப்புச் சட்டைகள் அட்டைப்பெட்டிக்குப் போய் முடிந்திருக்காது. கம்பெனியில் அயர்னுக்கு நான் ஒருவன்தான்.

விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். "இன்னைக்குச் சொல்லிட்டீங்களா?" என்று தினமும் கேட்பாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சட்டைக்கு ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மகள் பிறந்தபோது முதலாளியின் வீட்டம்மா ரசமும் சோறும் தூக்குப்போணியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும். வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அப்போது பார்த்துக் கரண்ட் போகும். கட்டிங் மாஸ்டர், "பாதியில போனவன்" என்று தொடங்குவார். அமெரிக்காக்காரனைத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் முகம் சூடாகும்.

ஒரு நாள் ஓவர்லாக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க ஒரு நாளும் சொல்லலியே. நாலா பதினாறா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் கையிலிருந்த சட்டையில் நூல் பிசிறு தேடினாள்.

"எனக்கு ஆட்டம் தெரியாதுங்க" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

சிரிப்பு. அதற்குள் முதலாளி படியிலிருந்து கேட்டார்: "அதெல்லாஞ் செரி. போறப்ப அவன் சொல்லீட்டுப் போனானுங்களா? அத யாருமே கேக்கலியே." கட்டிங் மாஸ்டர் சொல்லியிருக்க மாட்டான் என்றார். ஓவர்லாக்காரர், பேப்பரிலேயே போட்டிருப்பான், சொல்ல வேறு வேண்டுமா என்றார். என் விஷயம் தெரிந்துதான் முதலாளி கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கரண்ட் வந்ததும் எழுந்தேன். மெஷின்கள் முழுச் சத்தத்தில் ஓடுகிற நேரம்தான் எனக்குச் சரி, அவரைத் தவிர யார் காதிலும் விழாது என்று நினைத்தேன். முதலாளியின் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். அவர் காதருகே கையை வைத்து, "என்னுங்க?" என்றார். மறுபடியும் சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்கண்ணா." வாழ்நாளில் நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, "ஒண்ணாந்தேதியிலருந்து நான் வேலைக்கு வரலீங்க" என்று கத்தினேன்.

நான் கத்தி முடிப்பதற்குள் வந்த கரண்ட் மறுபடியும் போனது. "வேலைக்கு வரலீங்க" என்பது தகரக்கூரையில் பட்டு மொத்த ஷெட்டுக்கும் கேட்டது.

யாரும் இருமக்கூட இல்லை. கட்டிங் மாஸ்டர்தான் முதலில் பேசினார். "ஏனுங்க, சட்ட பாதிதானுங்களே ஆயிருக்குது?" அதில் கோபம் இல்லை, நம்ப முடியாமல் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

"மாஸ்டர், அண்ணாச்சி காலப் பாத்தியளா நீங்க?" என்றார் ஓவர்லாக்காரர்.

"காலுக்கு லீவு போடலாமில்ல. ஒரேயடியாப் போறதுக்கு என்னங்க?"

"லீவு போட்டா நீரா சம்பளம் குடுப்பீரு?"

"நாம் பேசறது வேறங்க. இவரப் பதினாறுன்னு நெனச்சேன்."

"அண்ணாச்சி என்ன காலேஜ் டீமா வே? பொண்டாட்டி பிள்ளன்னு இருக்க மனுசன்!"

நடுவில் நான் நின்றேன். இருபது நாள் அந்த ஊர் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசிய அதே குரல்கள், அதே ஏற்ற இறக்கம். அந்த இருவரும் எங்கோ தூரத்தில் இருந்தார்கள். நான் இங்கேயே இருந்தேன். ஓடவும் வழியில்லை.

முதலாளி கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். "காலக் காட்டுங்கண்ணா" என்றார்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பேண்டை முழங்கால் வரை தூக்கினேன். வாசல் வெளிச்சத்தில் அவர் குனிந்து பார்த்தார். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, நரம்புகள் முடிச்சு முடிச்சாக நின்றன. பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"சட்ட பொட்டிக்குப் போற வரைக்கும் இருக்க முடியாதுங்களா?"

அங்கே வேலை பார்த்த பத்து வருடத்தில் அவர் கேட்டு நான் முடியாது என்றதில்லை. ஒன்றாம் தேதி தவறினால் அந்த இடம் போய்விடும் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

"செரிங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எழுந்து போய் வெளியில் இருந்த தொட்டியில் முகம் கழுவினார்.

ஒன்றாம் தேதி வீரபாண்டிக்குப் போனேன். அங்கே ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போனதே தெரியாது. பக்கத்து டேபிள்காரர் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளவே பல நாள் ஆயிற்று. மணி அடித்தால் வேன். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுப்பேன்.

மனைவி பழைய கம்பெனியிலேயே இருந்தாள். அவள் வந்ததும் நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்வாள். முதல் நாள், முதலாளி தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அயர்ன் பெட்டியைப் பிடித்தாராம். நாலாம் நம்பர் மேல் சூட்டை வைத்து இரண்டு சட்டை பாழாயிற்றாம். அடுத்த நாள் வெளியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்து வந்தார்களாம். கட்டிங் மாஸ்டரும் ஓவர்லாக்காரரும் என்னை வைத்து முட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். அந்த உள்ளூர் அக்கா, "நல்லா இருக்கட்டும் பாவம்" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்ல. பிசிறு வெட்டிட்டு இருந்தேன்."

நான் இல்லாமலே சட்டை பெட்டிக்குப் போயிற்று. அது தெரிந்ததும் மூச்சு விட்டேன். பிறகு அன்று முழுக்க ஏனோ யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. நரம்பு அப்படியேதான் இருந்தது. அங்கேயும் நின்றுதானே வேலை.

அடுத்த வாரம் ஒரு நாள் அவள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக் குழாய்க்குப் புறப்பட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"இன்னைக்கு ரெண்டு தடவ கரண்ட் போச்சு" என்றாள். "உங்க பேச்சே யாரும் எடுக்கல. புது ஆர்டர் வந்திருக்கு, குழந்தைங்க சட்ட. மொயல் படம் போட்டது."

"நாலு, பதினாறு?"

"அதுவும் இல்ல."

அவள் போய்விட்டாள். அமெரிக்காவில் இருபது வருடமாக ஓடுகிற சண்டை என் விஷயத்தில் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தான், பேச்சு அடங்க வேண்டும் என்று. அடங்கிவிட்டது. கட்டிங் மாஸ்டர் கடைசியாக என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். குழாயடியில் பெண்கள் வரிசைக்காகச் சத்தம் போடுவது கேட்டது. நான் காலைச் சுவரில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டேன்.