பேர் போடாத பெரும்பாடு

"ஒம்பது பேர்ல ஒரே ஒரு பொம்பள நான். பேரு போடாட்டா எனக்கு மட்டும் மீசை மொளச்சிருமாளா?"

எங்கள் கன்டெய்னர் யார்டின் கேட்டில் வேலை பார்க்கும் அக்கா இப்படிக் கேட்டதும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, "யாரு என்ன எழுதினாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. நான் சொல்லுதேன்லா," என்றேன். நான் அவர்களுக்கு டீம் லீடர். என் வார்த்தை போதும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தருவைகுளத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவள். பாங்கியிலிருந்து ஒரு காகிதம் வந்தால் அதைத் தெருவில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்ன வீடு, நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு அப்படிப் போய் நிற்கவில்லை. இன்று துறைமுகச் சாலையில் ஒரு யார்டின் பகல் ஷிப்ட் என் பொறுப்பில் இருக்கிறது. இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

வேலை செய்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு ஆப் வந்திருந்தது. சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு முகம் அழுத்த வேண்டும்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், வாடின முகம். கூடவே மனதில் உள்ளதை ஒரு வரி எழுதலாம். பெயர் கிடையாது. தலைமை அலுவலகம் அனுப்பிய தமிழ்க் கேள்வி இப்படி இருந்தது: "தங்களது வாராந்திர நல்வாழ்வு நிலையை மதிப்பிடுக." இதற்குப் பதில் சொல்ல எங்கள் யார்டில் ஆள் இல்லை. நான் மாற்றி எழுதினேன்: "இந்த வாரம் உங்க பாடு எப்படி?"

அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் போட்டேன். எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் பட்டது. படகு கரைக்கு வந்ததும் "பாடு எப்படி?" என்றுதான் கேட்போம். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் பாடு என்றால் அவரவர் பிழைப்பு, கஷ்டம். இரண்டு பேருக்கும் பொருந்துகிற வார்த்தை. தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள். மற்ற யார்டுகளிலும் அதையே போட்டார்கள்.

சில வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சாத்தான்குளத்துப் பக்கம், வாத்தியார் குடும்பம். யாரையும் 'ஏலே' என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கெட்டவர் இல்லை.

திரையில் என் ஆட்களின் ஒன்பது வரிகள். அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். வாடின முகம். பக்கத்தில், "பெரும்பாடு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"பாவம்மா அந்தப் பொண்ணு," என்றார்.

"எந்தப் பொண்ணு சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்காவுக்கு இருந்துச்சு. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அப்படியே இருந்துட்டா. கடைசியில கர்ப்பப்பையவே எடுக்க வேண்டியதாப் போச்சு. இந்தப் பொண்ணு எழுதவாவது செஞ்சுதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்களுக்கு அளவு மீறி உதிரம் போவதற்கும் பெரும்பாடு என்றுதான் பெயர். எங்கள் கரையிலும் அந்த அர்த்தம் தெரியும். ஆனால் எங்களுக்கு முதலில் வருவது அது இல்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் ஆபரேட்டர் ஒரு பை நிறைய சாளை மீன் கொடுத்திருந்தார். பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டியை ஓட்டுகிறவர். என் ஊர்ப்பக்கம்தான். "மச்சான் வள்ளத்துல போனேன் தங்கச்சி. பெரும்பாடு! வலைய இழுத்து இழுத்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு," என்றார். அதே வார்த்தைகள். அந்த மீனை நாங்கள் அன்றைக்கே பொரித்துச் சாப்பிட்டோம். அவர் அதற்கு முந்தின நாள் காய்ச்சல் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார்.

"சார், எங்க ஊர்ல பெரும்பாடுன்னா நெறைய மீன் பட்டிருக்குன்னு அர்த்தம்," என்றேன்.

அவர் சிரித்தார். "கேட்ல நிக்கிற பொண்ணுக்கு எங்கம்மா மீன் படுது?"

"அவங்கதான் எழுதினாங்கன்னு எப்படி சார் சொல்லுதீங்க?"

"போன வாரம் ரெண்டு நாள் லீவு. இடுப்பு வலி. இந்த வார்த்தை. டீம்ல ஒரே பொண்ணு. நான் கணக்கு வாத்தியார் மகன்மா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வேற யாரு எழுதினதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் சார். பேரு வெளிய வராதுன்னு நான்தான் எல்லாருக்கும் வாக்குக் குடுத்தேன்."

"சரி, நீ சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது," என்றார். நான் சொல்ல மறுத்ததே அவருக்கு ஆமாம் என்று கேட்டிருந்தது.

பெட்டி வண்டி ஓட்டுவதற்கான பயிற்சிக்கு அக்காவின் பெயரை நான் கொடுத்திருந்தேன். அவர் அதன் மேல் கோடு போட்டார். "அந்த வண்டி குலுங்குற குலுங்கலுக்கு இந்த ஒடம்பு தாங்காது. அடுத்த வருசம் பாத்துக்கலாம். அவகிட்ட பக்குவமாச் சொல்லும்மா."

அக்காவுக்கு ஏரல் பக்கம் ஒரு வயல் கிராமம். கனரக வண்டி லைசென்ஸ் தன் கைக்காசில் எடுத்தவள். அந்தப் பயிற்சி முடிந்தால் எங்கள் யார்டில் அந்த வண்டியில் ஏறுகிற முதல் பெண் அவள்தான். இல்லையென்றால் கேட்டில் வெயிலில் நின்று லாரி லாரியாகப் பூட்டு முத்திரை பார்ப்பதே வேலை.

பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டதும் அவள் என் மேசைக்கு வந்தாள். "ஏளா, எம் பேரு எங்க?"

சொன்னேன். யாரோ எழுதிய ஒரு வரியை அவள் எழுதியதாக நினைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். என்ன வரி என்றும், அதை எப்படிப் படித்தார்கள் என்றும் சொன்னேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அந்த ரெண்டு நாளு லீவு எதுக்கு எடுத்தேன்னு தெரியுமாளா? ஊர்ல நடவு. டிராக்டர் ஓட்ட ஆளு கெடைக்கல. சேத்துக்குள்ள ரெண்டு நாளும் நாந்தான் தொழி அடிச்சேன். அந்தக் குலுக்கல விடவா ஒங்க வண்டி குலுக்கிரும்?"

நான் மேலாளரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் நம்பாமல் இல்லை. ஆனால் ஒரு முறை பயந்த மனிதர். "ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லு. பிரச்சினை இல்லன்னு டாக்டர் எழுதிட்டா மறுபடி பாக்கலாம்," என்றார்.

அதை அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"எனக்கு மாசாமாசம் ஒழுங்காத்தான் வருதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஒங்க ஆபீஸ்ல குடுக்கணுமாக்கும். நல்லாருக்குளா. கோயில்ல மணியடிச்சுச் சொல்லட்டுமா?" என்றாள். அவள் கத்தவில்லை.

விஷயம் எப்படியோ யார்டுக்குள் கசிந்திருந்தது. அன்று டீ வேளையில் ஒருவர் எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவளிடம் எப்போதும் வம்பிழுப்பவர்கள் அன்று மரியாதையாகப் பேசினார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. டீயை நின்றபடியே குடித்தாள்.

ஆபரேட்டர் என் மேசைக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த வரி நான் எழுதினது தங்கச்சி."

"தெரியும்ண்ணே."

"காய்ச்சல்னு சொல்லிட்டு கடலுக்குப் போனேன்னு தெரிஞ்சா வண்டிய விட்டு எறக்கிருவாங்க. புள்ளையள் படிக்குது." பிறகு, "நீ சொல்லிருவியா?" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

அவரைச் சொன்னால் அக்காவின் பெயர் திரும்பி வரும். அவர் வண்டி போகும். அதற்குப் பிறகு யாரும் அந்த ஆப்பில் சிரித்த முகத்தைத் தவிர வேறெதையும் அழுத்த மாட்டார்கள். சொல்லாவிட்டால் அக்கா கேட்டிலேயே நிற்பாள். இரண்டையும் நான் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸில் வரும்போது உப்பளங்கள் போய்க்கொண்டே இருந்தன. வீட்டில் சோறு போட்டார்கள், தின்றேன். "என்னளா, வாயில கொழுக்கட்டையா?" என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பொய்யில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல்தான் இருந்தது. யார்டில் குளிர்சாதனக் கன்டெய்னர்களின் இரைச்சலுக்கு நடுவே நாள் பூராவும் இருந்துவிட்டு வெளியே வந்தால் காது அடைத்த மாதிரி இருக்குமே, அது போல.

மறுநாள் அந்தத் திரையைத் திரும்பத் திறந்து பார்த்தேன். நான் இதுவரை அதை எப்படிப் படித்து வந்தேன் என்பது அப்போது தெரிந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும், இது இவர், இது அவர் என்று என் மனம் முகங்களுக்கு ஆள் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மேலாளர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். என் ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்களைத் தேடாமல் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த வாரம் அநேகமாக எல்லாருமே வாடின முகத்தை அழுத்தியிருந்தார்கள். இரண்டு கப்பல் சேர்ந்து வந்த வாரம். யாருக்கும் சரியான ஓய்வு கிடையாது. ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய உடம்பு என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். இத்தனை பேர் களைத்துப் போனதற்கு வேலையைப் பிரித்த விதம் காரணமா, அதைப் பிரித்தது யார் என்று கேட்கவில்லை. பிரித்தது நான். அதிலும் இடுப்பு ஒடிந்த ஒரு மனிதர் சனிக்கிழமை முழுக்க ஆட்களின் தலைக்கு மேலே பெட்டிகளைத் தூக்கியிருக்கிறார். அந்த வரி உண்மையில் சொன்னது அதைத்தான்.

மேலாளரின் அறைக்குப் போனேன்.

"சார், அந்த வரியப் பாத்தது நீங்களும் நானும். நம்ம ரெண்டு பேரும் இந்தத் தேர்வுல இருக்கக் கூடாது. பாக்காத ஒருத்தர் முடிவு பண்ணட்டும். அக்காவ வண்டியில ஏத்திப் பாத்துட்டு, ஓட்டுறத வச்சு முடிவு பண்ணட்டும். சர்டிபிகேட்டெல்லாம் வேண்டாம். மத்தவங்ககிட்ட கேக்காதத அவங்ககிட்ட மட்டும் கேக்கக் கூடாது."

அவர் முகம் சுருங்கியது. "நான் நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்."

"நல்லதுக்குச் செஞ்சதுனாலதான் சார் யாராலயும் தடுக்க முடியல."

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். "எங்க அக்கா அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"சொல்லட்டும் சார். நம்மகிட்ட சொல்லணும்னு தோணுனா அவங்களே வந்து சொல்லட்டும். நாம எட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து யார்டு இன்ஜினியர் அக்காவை வண்டியில் ஏற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை.

தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். சின்ன டீமின் பதில்களைத் தனித்தனி வரியாக எங்களுக்குக் காட்டாதீர்கள். நாலைந்து யார்டைச் சேர்த்து மொத்தமாக மட்டும் சொல்லுங்கள். எழுதுகிற வரியை எங்கள் கண்ணில் காட்டவே வேண்டாம். லீவுப் பட்டியலோடு இதைச் சேர்த்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள் என்று கேட்டிருந்தேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலிக்கட்டும். அதற்கு நான் காத்திருக்கவில்லை. அந்தத் திரையைத் திறக்க எனக்கு இருந்த அனுமதியை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இப்போது என் பாஸ்வேர்டு போட்டால் திறப்பதில்லை.

டீ வேளையில் எல்லாரிடமும் சொன்னேன். பேர் தெரியாது என்று நான் கொடுத்த வாக்கு என்னால் காப்பாற்ற முடியாத வாக்கு என்று சொன்னேன். இனி கப்பல் வேலை கூடுகிற வாரங்களில் ஷிப்ட் மாற்றிப் போடுவேன் என்றும், யாராவது "இன்னைக்கு வண்டி வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டேன் என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அக்கா மட்டும், "கேக்க மாட்டியா? ஒனக்கு வாய் நமைக்குமேளா," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கு மறுநாள் காலையில் ஆபரேட்டர் வந்து, இன்றைக்கு வண்டி வேண்டாம் என்றார். அவரைக் கணக்கெடுக்கிற வேலையில் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா தேறுவாளா என்று தெரியாது. தேறாவிட்டாலும் அது அவள் ஓட்டியதற்கான முடிவாக இருக்கும். எனக்கு இன்னும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை.

திங்கட்கிழமை அவள் வண்டி ஓட்டிக் காட்டப் பக்கத்து யார்டுக்குப் போய்விட்டால் கேட்டில் ஆள் வேண்டும். வருகிற லாரிகளின் முத்திரையை யாராவது பார்க்க வேண்டும். ஷிப்ட் பலகையில் அன்றைய கேட் வேலைக் கட்டத்தில் இருந்த அவள் பெயரை அழித்துவிட்டு, என் பெயரை எழுதிவிட்டேன்.