மாப்பிள்ளை மலையேறிய நாள்

கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே பெயர்தான்: மாப்பிள்ளை. கேலி பழசாகிவிட்டது, அவரும்தான். அவர் மனைவிக்கு மட்டும் அதில் சிரிப்பு வருவதில்லை. "ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை, நம்ம வீட்டுக்கு விருந்தாளி" என்பாள், அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.

அன்று காலை, மலையுச்சிக் கிராமத்துக்குப் போய்வரும் பால்வண்டி டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். அங்கே ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் விதவையின் மாடு மறுபடியும் சினைக்குக் கத்துகிறதாம். இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு. போன தடவை போட்டதாவது நின்றிருக்கும் என்று நம்பியிருந்தார்கள், அதுவும் போச்சு. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் தவறினால் மாட்டை வியாபாரியிடம் தள்ளிவிடுவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பருவம் யாருக்காகவும் காத்திருக்காது. விந்துக் குழல்கள் உறைந்திருக்கும் நைட்ரஜன் கேனைப் பைக்கின் பின்சீட்டில் டயர் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மலை முழுக்க வண்டி இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. சரளை கொட்டிய வளைவுகளில் காலை ஊன்றி ஊன்றி ஏற்றினார். ஓடை குறுக்கிட்ட இடத்தில் இறங்கித் தள்ளினார். மழை பிடித்துக்கொண்டது. என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் மேலதிகாரியையும் சேர்த்துத் திட்டினார்.

கொட்டிலில் அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணே! சீக்கிரம் போடுங்க, நாளைக்கு வியாபாரி வர்றான்."

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் கையை விட்டுப் பார்த்து, மாடு சினை இல்லை என்று தெரிந்த பிறகே குழலை வெந்நீரில் போட்டு உருக்க வேண்டும். உருகினதை மறுபடி உறைய வைக்க முடியாது. அலுப்பில் அவர் வரிசையை மாற்றிவிட்டார். கையுறை மாட்டும்போதே குழல் உருகி, நீள ஊசிக்குள் ஏறி, அவர் பல்லிடுக்கில் தயாராக இருந்தது.

இடது கை உள்ளே போய்க் கருப்பையின் வாயைப் பிடித்தது. வலது கை ஊசியைச் செலுத்தியது. பாதியில் ஏதோ அடைத்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும். அழுத்தத்தான் போனார். தோள் விண்ணென்று தெறித்தது. ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாமென்று கையைத் தளர்த்தினார். தளர்ந்த விரல்கள் தாமாகவே முன்னே நழுவின. அங்கே கருப்பையின் ஒரு பக்கம், தண்ணீர் நிரம்பிய பலூனைப்போல் மெத்தென்று உருண்டது.

ஊசியை மெல்ல வெளியே எடுத்தார்.

"மாடு சினைம்மா."

"விளையாடாதீங்கண்ணே. ராத்திரியெல்லாம் கத்துச்சே!"

"சில மாடு சினையா இருக்கும்போதும் கத்தும். போன தடவை போட்டதே பிடிச்சிருக்கு."

"வந்த களைப்புல தட்டிக் கழிக்கிறீங்களா?"

"என் கையில தட்டுப்படுதும்மா. வியாபாரியைத் திருப்பி அனுப்புங்க."

அவள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அதன் முகத்தைப் பிடித்து, "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று திட்டினாள்.

அவர் கை கழுவச் சுவருக்குப் பின்னால் போனார். அங்கே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுத்தியிருந்தால் கரு கலைந்திருக்கும். தன் கையாலேயே கலைத்துவிட்டு, சினை நிற்கவில்லை என்று அவளுக்கு ஆறுதலும் சொல்லிவிட்டு இறங்கியிருப்பார். தோள் வலி தடுத்ததே தவிர, அவர் தடுக்கவில்லை.

அவள் ஒரு லோட்டாவில் வெந்நீர் கொண்டுவந்தாள். மழையில் நனைந்து, நிறம் வெளுத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு உங்களை இவ்வளவு தூரம் அலைய விட்டுட்டேன். பெரிய தப்பு. என்னை மன்னிச்சுக்குங்கண்ணே."

அவர் லோட்டாவை வாங்கிக்கொண்டார். தலையை நிமிர்த்தத்தான் முடியவில்லை.