கார்டர்மூனில் பிடிபட்ட ஒரு கட்டுக் கூப்பன்

2005 மாசியில் தம்பியைக் கூட்டிவர உக்ரைனின் கியேவ் நகருக்குப் போனேன். தொண்ணூறுகளில் நோர்வேக்கு வரும் வழியில் அங்கே இறங்கியவன், அங்கேயே அகப்பட்டுப்போனான். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மனில் என்னோடு இருக்கும் அம்மாவோ, “அவனுக்கு என்னைப் பார்க்க மனமில்லை” என்று அவனோடு தொலைபேசியில் கதைப்பதையே விட்டுவிட்டார். அவன் அங்கே கலியாணம் கட்டி, வதிவிடப் பேப்பர் கிடைத்து, இப்போதுதான் விசிட் விசா சரிவந்தது.

ரீகாவில் விமானம் மாறி, மாலை நாலு மணிக்கு ஒஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கினோம். கடவுச்சீட்டு வரிசையில் ஒரு கரைச்சலும் இல்லை. வினை சுங்கத்தில் காத்திருந்தது. தம்பியின் பைக்குள்ளிருந்து றப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுத் தாளை அதிகாரி வெளியே எடுத்தார்.

“உதென்னடா?”

“கூப்பன், அண்ணா.”

ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி வாங்கிய கூப்பன்தான் எனக்குத் தெரிந்த கூப்பன். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, “பங்கீட்டு அட்டை” என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டேன். அதிகாரி மேல்தாளை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒன்றும் ஆறு சைபரும். பத்து லட்சம்!

தம்பி பதறிப்போனான். “காசண்ணா! உக்ரைன் தனிநாடானாப்போலை அடிச்ச முதல் காசு. அங்கை அதுக்குக் கூப்பன் எண்டுதான் பேர்.”

இப்போது நான் பொய்யன். இருபத்தையாயிரம் குரோனருக்கு மேல் காசு கொண்டுவந்தால் சுங்கத்துக்குச் சொல்லவேண்டும். நாங்கள் மில்லியன்களோடு, சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வாசலால் வந்திருக்கிறோம். கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு எங்களை ஓர் அறைக்குள் இருத்தினார்கள். தம்பியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். வெளியே அம்மா நிற்கிறார்.

“உந்தக் கட்டை விட்டுத் துலைச்சிட்டு வாடா.”

“ஏலாது. அது அம்மாவுக்கு.”

விசாரித்துவிட்டு வந்த அதிகாரி, “இது செல்லாக் காசு. எதற்குச் சுமக்கிறீர்கள்?” என்று கேட்டார். தம்பி சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன்.

“இஞ்சை வாறதுக்கெண்டு சந்தையிலை மூட்டை தூக்கிச் சேர்த்தது. நான் சேர்க்கச் சேர்க்க அதின்ரை பெறுமதி இறங்கிச்சு. பிறகு காசையே மாத்திப்போட்டாங்கள். பேப்பர் இல்லாதவன் மாத்த பாங்குக்குப் போகேலுமே?”

நான் சொல்லி முடித்ததும் அதிகாரி கட்டையும் கடவுச்சீட்டுகளையும் திருப்பித் தந்தார்.

பழைய காசு கொண்டு வருபவர்கள், அது செல்லாததாக இருந்தாலும், சிவப்பு வாசலால் போய்க் காட்டிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஸ்ட்ரோம்மனுக்கு விரைவு ரயில் எடுக்காதீர்கள், அது அங்கே நிற்காது. லில்லெஸ்த்ரோமில் மாறிப்போகும் சாதாரண ரயில்தான் மலிவு.

அந்த ரயிலில்தான் தம்பி அம்மாவிடம் கட்டை நீட்டினான். அதுவரை அம்மா அவன் முகம் பார்க்கவில்லை. “உங்களட்டை வாறதுக்குச் சேர்த்த காசம்மா” என்றான். என் முதற் சம்பளத்தை வாங்கியதுபோலவே, அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.