ஐம்பது எம்எம் லென்ஸும் ஒரு மலைக் கல்யாணமும்

ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்க, கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் வண்டி குழியில் இறங்கிக் குலுங்கியதில் என் தோளிலிருந்த பை நழுவி ரோட்டில் விழுந்தது. என் கணவர் பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் நான் குதித்து ஓடினேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் மாட்டியிருந்த ஜூம் லென்ஸ்தான் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். உள்ளே மணல் அரைபடுவது போலச் சத்தம் வந்ததே தவிர, அது அசையவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

"லென்ஸ் போச்சுங்க."

"இன்னொண்ணு சின்னதா வச்சிக்கினு இருப்பியே, அது இருக்குதுல்ல?"

இருந்தது. அதுதான் என் பயமே.

அது ஐம்பது எம்எம் லென்ஸ். கடையில் கிடைப்பதிலேயே விலை கம்மி. கையில் எடுத்தால் வெறும் பிளாஸ்டிக் டப்பா போல எடையே இருக்காது. ஜூம் கிடையாது. உருவம் பெரிதாகத் தெரியவேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போகவேண்டும், சின்னதாக வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் நகரவேண்டும். இருட்டிலும் படம் எடுக்கும் என்று சொன்னார்களே என்று வாங்கினேன். இருட்டில் எடுத்தது உண்மைதான். ஆனால் அதன் வாயை முழுக்கத் திறந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் புகையாகவும் வந்தது. ரிஷிவந்தியம் கோயிலில் என் அக்காவை எடுத்துப் பழகியபோது, அவள் மூக்குத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது, முகத்தைக் காணோம். அதிலிருந்து அதைப் பையின் அடியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

நானாகப் படம் எடுக்க ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம் அது. அதுவரை கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த படங்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படித்த காலத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அங்கே வந்து பழக்கமான மலைப்பெண் ஒருத்தி, "என் கல்யாணத்துக்கு நீங்களே வந்து எடுங்கக்கா" என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

"திரும்பிடலாமா? யாருகிட்டனா லென்ஸ் கேட்டு வாங்கினு வரலாம்" என்றார் கணவர்.

போய்வருவதற்குள் தாலி கட்டி முடித்துவிடுவார்கள். "போலாங்க" என்றேன். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சின்ன லென்ஸை மாட்டினேன்.

வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாயில் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே மணமக்கள் முகமெல்லாம் நீலம் பூசியது போல இருந்தது. நிறத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம், தெளிவில்லாமல் போனால் எதுவும் செய்யமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூம் இருந்தால் ஒரு மூலையில் நின்றபடியே எல்லாவற்றையும் எடுத்திருப்பேன். இப்போது வரிசைத்தட்டுகளுக்கும் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கும் நடுவே புகுந்து புகுந்து நானே நடந்தேன். "இந்தப் பொண்ணு இன்னா கால்ல சக்கரம் கட்டிக்கினு வந்திருக்குது" என்று யாரோ சிரித்தார்கள். தாலி கட்டும்போது முதலில் எடுத்ததில் மாப்பிள்ளையின் விரல் தெளிவாகவும் பெண்ணின் முகம் மங்கலாகவும் இருந்தது. பதறிப்போய், முன்னாலும் பின்னாலும் இருப்பது சேர்ந்து தெளியட்டும் என்று லென்ஸின் திறப்பைக் குறைத்து, நாலாம் எண்ணில் வைத்து எடுத்தேன். நல்லவேளை, மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் நிதானமான ஆளாக இருந்தாள்.

எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பந்தலைத் தாண்டி, பாதையைத் தாண்டி, எதிரிலிருந்த சாமைக் கொல்லை வரப்பில் ஏறி நின்றபோதுதான் கூட்டம் ஓரளவு அடங்கியது. அங்கிருந்து கத்தினால் அவர்களுக்குக் கேட்கவில்லை. எடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது.

சேலை முந்தானைக்குள் கேமராவை மறைத்தபடி ஓடி வந்தபோது, அந்தப் பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அக்கா, எங்கப்பாவோட ஒண்ணு எடுக்கணும்."

அப்பாவைப் பந்தலில் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கடுக்காய் பறிக்க மரமேறியவர் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டதாம். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். புதுச்சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். மகள் கல்யாணத்தை, பந்தல் பக்கம் பாதி திறந்திருந்த கதவு வழியாக வெறும் சத்தமாக மட்டுமே கேட்டிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "வேணாம்மா. படுத்துக்கினு இருக்கறத எடுக்காத. நாளைக்கு அது போயி மாப்ள வூட்டு செவுத்துல தொங்கும்."

"படுத்த மாதிரி தெரியாம எடுக்கறேன்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவருடைய தம்பிகள் இருவர் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, பின்னாலிருந்து முதுகைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "சீக்கிரம்மா, ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு" என்றார் ஒரு தம்பி.

ஒருமுறை பிளாஷ் போட்டேன். அவர் உடம்பே குலுங்கக் கண்ணை இறுக்கி மூடினார். முகம் வலியில் சுருங்கியது. அணைத்துவிட்டேன். கதவை முழுக்கத் திறக்கச் சொன்னேன், சாரல் உள்ளே அடித்தது. கிடைத்தது அந்தக் கொஞ்ச வெளிச்சந்தான். பின்னால் நகர்ந்தேன், முதுகில் சுவர் இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு முகங்களும் தோளும் மட்டுமே கட்டத்துக்குள் வந்தன. கட்டிலும் போர்வையும் தாங்கிப் பிடித்த கைகளும் தாமாகவே வெளியே போய்விட்டன.

ஆனால் லென்ஸ் எதையும் பிடிக்கவில்லை. இருட்டில் கர் கர்ரென்று முன்னும் பின்னும் ஓடி ஓடி நின்றது. அது தானாகத் தெளிவு தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த மெல்லிய வளையத்தைக் கையாலேயே திருப்பினேன். மகள் கண் தெளிந்தால் அப்பா மங்கினார். அப்பா தெளிந்தால் மகள் மங்கினாள். திறப்பைக் குறைக்கலாமென்றால் வெளிச்சம் பத்தாது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"நீ முன்னால இருக்கற. அப்பா கன்னத்தோட கன்னம் வை. ரெண்டு பேரு மொகமும் ஒரே நேரா வரணும்" என்றேன்.

அவள் தயங்கினாள். வயசுக்கு வந்தபிறகு அப்பாவைத் தொட்டிருக்கமாட்டாள் போல. அவரும் சங்கடமாக வேறெங்கோ பார்த்தார். பிறகு அவரே, "வாடி" என்று தலையைச் சாய்த்துக் கொடுத்தார். கன்னம் பட்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முழங்கையை விலாவில் அழுத்தி, சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி அழுத்தினேன். வளையத்தை மயிரிழை நகர்த்தி மறுபடி அழுத்தினேன். தம்பிகள் "போதும்மா, போதும்" என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

படுத்தபிறகு அவர் கேமராவைக் கேட்டார். பின்பக்கத் திரையில் காட்டினேன்.

"புடிச்சிக்கினு இருந்த கையி தெரியலியே?"

"தெரியலைங்கப்பா."

"நல்லா கீது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். அது பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இறங்கும் வழியெல்லாம் மேகம். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது. கேமராவின் மெமரி கார்டைப் பாலித்தீன் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். "இன்னா, பேச்சையே காணோம்?" என்று கணவர் கேட்டார். மறுபடியும் அந்த மனிதரைத் தூக்கி உட்காரவைக்கச் சொல்ல முடியாது என்பது மட்டுமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஈரச்சேலையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். முதல் படத்தைப் பெரிதாக்கினேன், மங்கல். அடுத்ததும் மங்கல். அதற்கடுத்ததில் காது தெளிவாக இருந்தது. தொடர்ந்து தள்ளினேன். ஒன்றே ஒன்றில், அவருடைய இமையின் மயிரும் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த அட்சதை மஞ்சளும் சேர்ந்தே தெளிந்திருந்தன. சத்தம் போட்டுக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தக் கத்து கத்தின?" என்றார்.

ஆல்பம் வாங்க மணமக்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு எடுத்த படம் வந்ததும் அவள் திருப்புவதை நிறுத்தினாள். "இத பெருசா போட்டு, கட்டிலுக்கு எதுத்த செவுத்துல மாட்டணும்னு அப்பா சொல்லிட்டாருக்கா" என்றாள்.

மாப்பிள்ளை அடுத்த பக்கம் திருப்பி, கூட்டப் படத்தில் விரல் வைத்துத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"எங்க தாய்மாமனக் காணோமேக்கா?"

ஆள் எப்படி இருப்பார் என்று தெரியாமலே நானும் குனிந்து தேடினேன். அந்தப் பெண்தான் காப்பாற்றினாள்.

"அவரு எங்க இருந்தாரு? மொத பந்திக்கே போயி உக்காந்துட்டாரு."