உலர்ந்த கூம்பு, ஒரே அடி

மஹ்ரிஸியாவோடு பதினெட்டு வருடமாக ஒரே அறுவை அறையில் வேலை பார்க்கிறேன். நான் மயக்க மருந்துப் பிரிவு. அவள் டாக்டர் கையில் கருவி எடுத்துக் கொடுக்கிறவள். மகா பிடிவாதக்காரி. அதுவும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை என்றால் அவளோடு மல்லுக்கட்ட யாராலும் முடியாது. தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டின் நுனி கூம்பாக இருக்கும். அதன்மேல் பந்தை வைத்து ஓங்கி ஒரே அடி. திருகு கிடையாது, பசை கிடையாது. கூம்பில் ஈரம் இருந்தால் பிடிப்பு சரியாக விழாது. நடக்க நடக்க உரசி, உலோகம் அரித்து, மறுபடி திறக்க வேண்டி வரும். அப்படித் திறந்த இடுப்புகளில் கறுப்புச் சேறு கண்டவள் அவள். அதனால் துடைத்ததையே துடைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று ரமலான். எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஜூன் வெயில். கருவி சுத்தம் செய்யும் இயந்திரம் மக்கர் பண்ணியதால் காலை அறுவை மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது. படுத்திருந்தவர் ரொட்டிக்கடை அம்மார். முதுகில்தான் ஊசி என்பதால் முழித்தே இருந்தார்.

"நேத்து ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி இல்ல. உங்களுக்கெல்லாம் முன்னாடி நோன்பு புடிச்சவன் நான்தான்" என்றார், நெஞ்சுக்கு மேல் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் என்னருகே படுத்தபடி.

"நோன்பு திறக்குற பீரங்கிக்கு எவ்வளவு நேரம்?" டாக்டர் ஷெத்லி கேட்டார்.

"மூணு நிமிஷம். சட்டுன்னு முடிங்க டாக்டர், நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

அவர் பந்தைக் கூம்பில் வைத்தார். அதன்மேல் தட்டும் கட்டையை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"நிறுத்துங்க. ரத்தம் பட்டிருக்கு" என்றாள் மஹ்ரிஸியா.

"நான் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

அவள் கட்டையின்மேல் கையை வைத்தாள். ஓங்கிய சுத்தியல் அவள் விரல்மேலேயே இறங்கிவிட்டது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

"கைய எடு."

"கழட்டுங்க. துடைச்சுட்டு அடிங்க."

"இங்க டாக்டர் நீயா நானா?"

அப்போது அம்மார் பேசினார்.

"டாக்டர், தண்ணி எங்கயும் ஓடிப் போகாது. அது என் காலு. அந்தத் தங்கச்சி சொல்றபடி செய்யுங்க."

வெளியே பீரங்கி முழங்கியது. ஒருவரும் அசையவில்லை. அடியை அவள் விரல் வாங்கிக்கொண்டதால் பந்து இறுகவில்லை, கையாலேயே கழன்றது. கூம்பில் அரைப் பருப்பளவு ரத்தம். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அவள் இரட்டைக் கையுறையில் மேலுறையை மட்டும் மாற்றிக்கொண்டு, பந்தின் உள்பக்கத்தையும் கூம்பையும் ஒற்றைக் கையால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். டாக்டர் ஒரே அடி அடித்தார். இழுத்துப் பார்த்தார். இம்மி நகரவில்லை.

தையல் முடிந்து அவள் உள்ளுறையையும் கழற்றியபோதுதான் பார்த்தோம். மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?" டாக்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லியிருந்தா அடுத்த அடிக்கு உங்க கை நடுங்கியிருக்கும். போங்க, போய்த் தண்ணி குடிங்க."

அந்த விரல் அதன்பிறகு முழுதாக மடங்கவே இல்லை. அவசரப்படுத்தியவன் நான். ஒருநாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் கையைப் பார்க்கும்போது நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.