ஸ்டெல்லா அக்காவின் ஜெபக் குறிப்பில் ஒரு பழுப்பு நாய்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி போதகர் ஐயா இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார். எழுந்தால் அழுதுவிடுவேன், அழாவிட்டால் அதிகம் பேசிவிடுவேன். இரண்டுமே என் சுபாவம் என்று முடிச்சூர் சபையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதியே தருகிறேன்.

2007, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு புளியமரத்தடி. என் மடியில் மன்னா வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வாயெல்லாம் நுரை. கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. மன்னா எங்கள் நாய். வலிப்பு நோய்க்காரன். அவனுடைய மாத்திரை என் கையில் இல்லை. "ஆண்டவரே, இவனை நானே கொன்னுட்டேனே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

எங்கள் வீட்டில் மூன்று நாய்கள், மூன்றும் தெருவிலிருந்து வந்தவை. ரூத்துக்கு இரண்டு கண்ணும் தெரியாது. யோனாவை மழைக்காலத்தில் கால்வாயிலிருந்து தூக்கினோம், அவனுக்கு இருதயத்தில் கோளாறு. மன்னா ஒருநாள் விடிகாலையில், எங்கிருந்து வந்தான் என்றே தெரியாமல், எங்கள் கேட்டருகே கிடந்தான். வேதத்தில் வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த ஆகாரத்துக்கு மன்னா என்று பேர், அதனால்தான் இவனுக்கும் அந்தப் பெயர். பிள்ளை இல்லாத எங்களுக்கு இவர்கள்தான் பிள்ளைகள். யாரிடமும் விட்டுப் போக முடியாததால் நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் அப்போது நான்கு வருடமாகச் சேர்ந்து ஊர் தாண்டியிருக்கவே இல்லை. என் தம்பி கல்யாணத்துக்கே நான் மட்டும் போய் அன்றைக்கே திரும்பினேன்.

அந்தத் தம்பி திருச்சியில் வீடு கட்டிவிட்டான். திங்கட்கிழமை பிரதிஷ்டை ஜெபம். "மூணு பேரையும் கூட்டிக்கிட்டே வாக்கா, இல்லேன்னா வராதே" என்றான். சாமுவேல் நண்பரிடம் ஆம்னி வேன் கேட்டு வாங்கினார். பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டோம். ரூத்துக்கு என் பழைய புடவை, யோனாவுக்குத் தண்ணீர்ச் சட்டி, மன்னாவுக்கு மாத்திரை.

எதை மறந்தாலும் வேதாகமத்தை மட்டும் மறக்க மாட்டேன். அதனால் மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் வேதாகம உறையின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! பயணம் போகிறவர்களும் பிறந்தநாள்காரர்களும் முன்னால் போய் முழங்காலில் நிற்பதும், ஐயா தலையில் கைவைத்து ஜெபிப்பதும் எங்கள் சபை வழக்கம். அன்று முதல் ஆராதனையில் நாங்களும் போனோம். வேதாகமத்தை முன்பெஞ்சில் வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். ஜெபம் முடிந்ததும் பெஞ்சில் இருந்ததை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குப் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெரூன் உறை கொடுத்தார்கள் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

வயிற்றில் எதுவும் இருந்தால் மன்னா வண்டியில் வாந்தி எடுப்பான். அதனால் காலை மாத்திரையை, வண்டி ஓட்டம் பழகியபின் செங்கல்பட்டில் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பேச்சு சுவாரஸ்யத்தில் செங்கல்பட்டும் போனது, மதுராந்தகமும் போனது. திண்டிவனத்துக்கு அப்பால் அவனுக்கு இழுக்க ஆரம்பித்தபோதுதான் உறையைத் திறந்தேன். உள்ளே வேறு யாருடைய மூக்குக் கண்ணாடியோ இருந்தது. முதல் பக்கத்தில் பெயரைப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா.

ஸ்டெல்லா அக்காவோடு நான் ஐந்து மாதமாகப் பேசவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் அவர் எல்லோர் முன்னாலும், "நாய்க்கெல்லாம் வேதத்துப் பேரா ஜெசி? ரூத்து, யோனா பரிசுத்தவான்கள் இல்லையா?" என்று கேட்டார். "மன்னா பரிசுத்தவான் இல்லக்கா, சாப்பாடு" என்று சிரித்து விட்டிருக்கலாம். நான் அதோடு நிறுத்தவில்லை. "உங்க வீட்டு மனுஷங்களைவிட என் நாய்ங்க மேல்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சூட்டிலேயே மன்னாவுக்கு வலிப்பு வந்தது. அக்கா இரண்டடி பின்னால் போனார். அருவருப்பு என்று நினைத்தேன். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான் நான்.

மன்னாவின் டாக்டருக்குப் போன் போட்டேன். "ஒன்னோட நின்னுட்டா பயமில்லம்மா. அடுத்தடுத்து வந்தா உயிருக்கு ஆபத்து. வெயில்ல வண்டியில வெச்சு அலைக்காதீங்க, நிழல்ல படுக்க வைங்க. நினைவு திரும்பினதும் மாத்திரை உள்ள போகணும்" என்றார். சாமுவேல் மருந்துக்கடை தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை, திறந்திருந்த ஒரே கடையிலும் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை தர முடியாது என்றார்கள். அது சரிதானே. சீட்டும் அந்த உறையில்தான் இருந்தது.

"ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் பண்ணு" என்றார் சாமுவேல்.

"நீங்க பண்ணுங்க."

"சண்டை போட்டது நானா?"

எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நாய் உயிருக்குப் போராடுகிறது, நான் மானம் பார்க்கிறேன்! அதற்குள் இரண்டாவது வலிப்பு வந்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். "அக்கா, என் வேதாகமம் உங்ககிட்ட மாறி வந்துடுச்சு, மன்னா மாத்திரை அதுலதான்" என்றேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க இருக்க?" சொன்னேன். "பெருங்களத்தூர்ல பஸ் டிரைவர் யார்கிட்டயாவது குடுத்து அனுப்புறேன். ரோட்டுலயே நில்லு" என்று போனை வைத்துவிட்டார்.

மரத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரும் சாக்கும் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாம்மா, புள்ள மாரி அழுவுற? பொழச்சிக்கும், வுடு" என்றார். சாக்கை நனைத்து மன்னாவின் மேல் போட்டோம். கண் தெரியாத ரூத்து எப்படித்தான் வழி கண்டாளோ, வேனிலிருந்து இறங்கி அவன் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். நான் ஜெபம் பண்ண முயன்றேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

ஒரு வசனமாவது வாசிக்கலாம் என்று அக்காவின் வேதாகமத்தைத் திறந்தேன். நடுவில் நான்காக மடித்த நோட்டுத் தாள். ஜெபக் குறிப்பு. அடுத்தவர் குறிப்பை வாசிப்பது தப்பு என்று தெரியும். என் பெயர் கண்ணில் பட்டபின் எப்படி மூடுவது? "ஜெசிந்தாவுக்குப் பொறுமை" என்று எழுதியிருந்தது. சுருக்கென்றது. அதற்குக் கீழே, "ஜெசிந்தா வீட்டுப் பழுப்பு நாய், வலிப்பு நிற்க." பக்கத்தில் நாள்தோறும் ஜெபித்ததற்குச் சின்னச் சின்ன கோடுகள். முதல் கோட்டின் மேல் போட்டிருந்த தேதி எங்கள் வீட்டு ஜெபக் கூட்டம் நடந்த வாரத்துத் தேதி. 'மன்னா' என்று எழுத மட்டும் அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை.

அங்கேயே மண்ணில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் ஜெபத்தைக் கேட்க வேண்டாம். அக்கா ஜெபத்தைக் கேளுங்க" என்றேன்.

மதியம் வரைக்கும் எத்தனை பஸ்ஸுக்குக் கை காட்டினோமோ தெரியாது. கடைசியில் ஒரு திருச்சி பஸ் தானாகவே ஓரம் கட்டியது. டிரைவர் கையை நீட்டுவார் என்று ஓடினேன். படியில் பிறந்தநாள் பட்டுப்புடவையோடு, மெரூன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஸ்டெல்லா அக்காவே இறங்கினார்.

"குடுத்தனுப்பலாம்னுதான் போனேன். நாய் மாத்திரையான்னு ஒருத்தன் சிரிச்சான். இவனை நம்பி எப்படிக் குடுக்கிறதுன்னு நானே ஏறிட்டேன்" என்றார். நான் அவர் தோளில் விழுந்து அழுதேன். "அழுகைய அப்புறம் வெச்சுக்க. எங்க அவன்?"

மூன்றாவது வலிப்பு அடங்கி மன்னா சோர்ந்துபோய்த் தலையைத் தூக்கிய நேரம் அது. அக்கா பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்தார். டாக்டரை மறுபடி கேட்டு, அவர் சொன்ன அளவை வெண்ணெய் பிஸ்கட்டில் வைத்து நான் நீட்டினேன். அவன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "டேய் தம்பி, வாயத் தொறடா" என்று அக்கா தாடையைத் தடவியதும் நக்கி விழுங்கினான். அன்று நாலாவது வலிப்பு வரவில்லை. ஸ்தோத்திரம்!

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். அக்காவை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று சாமுவேல் சொன்னார். அவர் கேட்டால்தானே! வீட்டுக்குப் போன் போட்டு, "ரெண்டு நாள் ஆகும். சாதம் வடிச்சுக்கங்க" என்று புருஷனுக்கு உத்தரவு போட்டுவிட்டு வேனில் ஏறினார். திருச்சி வரை ரூத்தின் தலை அவர் மடியில் இருந்தது. பட்டு முழுக்க ரோமம். அன்று அவர் உலகத்துக் கதையெல்லாம் பேசினார், நான் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்து சாமுவேல் இன்னொரு ஸ்தோத்திரம் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டு மாத்திரை டப்பா தனியாக இருக்கிறது, மேலே பெயர் ஒட்டியிருக்கிறேன். மன்னாவுக்கு வலிப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எப்போதாவது வரும், மாத்திரைக்கு அடங்கும், எழுந்து வாலாட்டுவான். எங்களுக்கு அது போதும். வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு எங்காவது போகிறோம்.

சகோதர சகோதரிகளே, உங்களோடும் யாராவது பேசாமல் இருக்கலாம். ஒருவேளை அவர்கள் உங்களைத்தான் தினமும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கர்த்தரை நம்புங்கள். அவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள். நடுரோட்டில் நிற்கும் வரை காத்திருக்காதீர்கள்.

போன வாரம் அக்காவின் குறிப்பைத் திருட்டுத்தனமாக மறுபடி பார்த்தேன். 'ஜெசிந்தாவுக்குப் பொறுமை' இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழே 'பழுப்பு நாய்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மன்னா' என்று எழுதியிருக்கிறார்.