பின்வராந்தாவில் போட்ட பாய்

சிங்கப்பூரில் நான் முதலில் தங்கியது பெண்களுக்கான ஒரு மலிவு விடுதி. சேலத்தில் கம்பவுண்டர் படிப்பை முடித்து, சிங்கப்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்துக் கப்பலேறியிருந்தேன். கீழே கடைகள், மாடியில் நாங்கள். கூடத்தில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். ஆளுக்கு ஒரு கொசுவலை, துணி மாட்ட ஓர் ஆணி, பூட்டில்லாத ஒரு பெட்டி. குளிக்கத் தொட்டித் தண்ணீரும் தகரக் குவளையும். சாப்பாடு நீள மேசையில், எல்லோருக்கும் ஒரே சட்டிச் சோறு. விடுதியை நடத்தியவர் ஒரு சட்டைக்கார அம்மாள், ஆங்கிலோ இந்தியர். சுத்தம் என்று வந்துவிட்டால் யார் பேச்சையும் கேட்கமாட்டார்.

என் பக்கத்துக் கட்டிலுக்கு நாமக்கல் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிய அண்ணன், அவளை மருத்துவச்சிப் பயிற்சியில் சேர்க்க வரவழைத்திருந்தான். திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். அன்று போகாவிட்டால் அவள் இடம் வேறொருத்திக்கு. பிறகு அடுத்த கப்பலில் ஊர். ஊரில் தாய்மாமன் தாலியோடு காத்திருந்தார். வந்த அன்றே இதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கட்டில் காலியாக இருந்தது. பின்வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனிக் குவளை. கேட்காமலே புரிந்தது. எங்கள் வீட்டிலும் தூரமானவர்கள் தறி இருக்கும் கூடத்துக்குள் கால் வைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் படித்த காலத்தில் எனக்கு அது விட்டுப்போயிருந்தது.

"உள்ள வந்து படு. இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"அவங்க கேக்காட்டி நமக்குத் தெரியாதுங்களா அக்கா? மூணு நாளுதானுங்க."

மத்தியானம் நான் திரும்பியபோது கூடத்தில் எல்லோரும் ஒரு மூலையில் கூடி நின்றார்கள். புதுப்பெண் யாரையும் தொடுவதில்லை, கிட்டே போனால் பின்வாங்குகிறாள் என்று ஒரு சீனத் தையற்காரி சொல்லியிருக்கிறாள். புதுப்பெண்ணோ கப்பலில் வந்து சில நாளே ஆனவள். அம்மையை மறைக்கிறாள் என்று அம்மாள் முடிவு செய்துவிட்டார். தொற்றுநோய் ஆஸ்பத்திரி வண்டியைக் கூட்டிவர விடுதிக் காவல்காரர் படியருகே தயாராக நின்றார். அந்த ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் திங்கட்கிழமைக்குள் வெளியே வந்ததில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடப்பதைச் சொன்னேன். "உள்ளதைச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாமுங்க. ஆம்பளை நிக்கறாருங்களே."

"அப்ப வண்டியில ஏறு."

தலையைக் குனிந்துகொண்டாள். "தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாச் சொல்லுங்க."

அம்மாளைக் குளியலறைப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயென்றால் ஆஸ்பத்திரி. இல்லையென்றால் கட்டில், மேசை. என் வீட்டில் வராந்தாவில் யாரும் கிடக்கக் கூடாது. இப்போதே உள்ளே வரச் சொல்." காவல்காரர் இன்னும் போகவில்லை.

அவளிடம் வந்து சொன்னேன். அசையவில்லை.

"பிரசவம் பாக்க வந்துட்டு தீட்டுக்குப் பயந்தா எப்படி? அங்க தெனமும் அதுதான்."

"அது அடுத்தவங்களோடதுங்க. தலைக்கு ஊத்தினாப் போயிரும். இது என்னோடது. நான் அந்தச் சட்டியில கை வெச்சா உங்க எல்லாரு மேலயும் பட்டுருமுங்களே."

தனக்காக அவள் பயப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீ வந்த அன்னிக்கு நான் தூரம். என் பக்கத்துல உக்காந்து என் கையால ரெண்டு தடவை சோறு வாங்கின."

என்னையே பார்த்தாள். "ஏனுங்கக்கா, சொல்லவே இல்லீங்க?"

"நீ கேக்கல."

"அப்ப நான் மொதல்லயே கெட்டுத்தான் கெடக்கறேன்" என்றாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு பாயைச் சுருட்டினாள்.

எல்லோரும் பரிமாறிக்கொள்ளும் வரை மேசையில் காத்திருந்து, கடைசியில் கரண்டியை எடுத்தாள். தையற்காரி நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். அம்மாள் முறைக்கவும் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். காவல்காரர் கீழே போய் உட்கார்ந்தார்.

அவள் கணக்குப்படி தலைமுழுக்குச் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்பே திங்கட்கிழமை வந்துவிட்டது. சீருடையைப் போட்டுக்கொண்டு, "வாரேனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனாள்.